அடக்கமான சகோதரிகளின் கதையா அது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் சிறுவர் நூல்களைப் பற்றி வெளியான கட்டுரை, அமெரிக்க எழுத்தாளர் லூயிசா மே ஆல்காட்டின் 'லிட்டில் விமன்' நாவலை அன்பும் அடக்கமும் மிக்க நான்கு சகோதரிகளின் கதை என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. பள்ளி நாட்களில் விரும்பிப் படித்த அந்நூலை அண்மையில் மீண்டும் படித்த எனக்கு, அந்த வரி கதையின் பாதியைக்கூடச் சொல்லவில்லை என்றே தோன்றுகிறது.

1868, 1869 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளிவந்த இந்நாவலில், தந்தை அமெரிக்க உள்நாட்டுப் போர்க்களத்தில் இருக்க, பணமுடை தீராத வீட்டில் நான்கு பெண்கள் வளர்கிறார்கள். ஜோவுக்கு எழுத்து, பெத்துக்கு பியானோ, ஏமிக்கு ஓவியம், மூத்தவள் மெக்குக்கு நடிப்பு. திறமைக்குப் பஞ்சமில்லை, அதை வளர்க்கத்தான் வசதியில்லை. தன்னை நாடகத்துக்கு அழைத்துப் போகவில்லை என்ற ஆத்திரத்தில், அக்கா ஜோ பல ஆண்டுகள் எழுதித் திருத்தி, பழைய தாள்களையும் அழித்துவிட்டு, ஒரே படியாக வைத்திருந்த கதைகளை ஏமி தீயிலிட்டுவிடுகிறாள். மறுநாள் உறைந்த ஆற்றில் சறுக்கப் போகும்போது, நடுப்பகுதியில் பனிக்கட்டி உறுதியாக இல்லை என்ற எச்சரிக்கை பின்னால் வரும் தங்கையின் காதில் விழவில்லை என்று தெரிந்தும், ஜோ வாய் திறப்பதில்லை. பனி உடைந்து ஏமி தண்ணீரில் விழுகிறாள்.

அன்றிரவு அழுதுகொண்டிருக்கும் ஜோவிடம் தாய் அறிவுரையை அடுக்குவதில்லை. தனக்கும் ஏறக்குறைய ஒவ்வொரு நாளும் கோபம் வருகிறது என்றும், நாற்பது ஆண்டுகள் முயன்றும் அதை அடக்க முடிந்ததே தவிர ஒழிக்க முடியவில்லை என்றும் தன் மகளிடமே சொல்கிறாள். பொறுமையின் வடிவம் என்று நாம் நினைத்திருந்த ஒரு தாயை இப்படிப் பேசவைத்த துணிவுதான், என்னைப் பொறுத்தவரை, இந்நூலின் உயிர். நான் சிறுவயதில் படித்த சுருக்கப் பதிப்பில் இந்த உரையாடல் இல்லவே இல்லை.

பின்னர், ஜோ ஏங்கிக் கிடந்த ஐரோப்பியப் பயணம், அவளது வெடுக்கென்ற பேச்சால் கைநழுவி ஏமிக்குப் போகிறது. ஒருத்திக்குக் கிடைத்தால் இன்னொருத்திக்கு இல்லை என்னும் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அந்த இடம் நன்றாகவே புரியும். நாவலின் ஏமி, தன்னிடம் இருப்பது மேதைமை அல்ல என்று ரோமில் முடிவுகட்டி, பெரிய ஓவியராகும் கனவைக் கைவிடுகிறாள். ஆனால் அந்தப் பாத்திரத்துக்கு முன்மாதிரியாக இருந்த, நாவலாசிரியர் லூயிசாவின் தங்கை மே, அக்காவின் எழுத்து வருவாயின் துணையோடு ஐரோப்பாவில் பயின்று, 1877இல் பாரிஸின் புகழ்பெற்ற கலைக் கண்காட்சியான சலோனில் தம் ஓவியம் இடம்பெறும் அளவுக்கு உயர்ந்தார். 1879இல், மகளைப் பெற்றெடுத்த சில வாரங்களில் அவர் இறந்தபோது, அக்குழந்தையை வளர்க்கும் பொறுப்பை ஏற்றவரும் லூயிசாதான்.

உடன்பிறந்தவர்களிடம் பொறாமையும் கோபமும் கொண்டு, அதை வெளியே சொல்லத் தயங்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்கள் கைக்கு இந்நாவல் முழுமையாகப் போய்ச் சேர வேண்டும். ஆகவே, இனி சிறுவர் நூல்களைப் பரிந்துரைக்கும்போது, குறிப்பிடப்படுவது முழுப் பதிப்பா, சுருக்கப் பதிப்பா என்பதையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர், திருச்சி