ரொட்டி மேல ஒரு அடிமையோட பேரு

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம். போன ஞாயிறு இணைப்புல ரோம் பத்தி கட்டுரை படிச்சேன், கொலோசியம், ரோடு, தண்ணி கொண்டு வந்த கால்வாய் எல்லாம் எழுதியிருந்தீங்க, ஆனா அங்க பாடுபட்டவங்களைப் பத்தி ஒரு வரி கூட இல்ல. நான் 22 வருஷமா பேக்கரில மாவு பிசையறவன், அதான் மனசு கேக்கல.

இத்தாலில எரிமலை வெடிச்சு புதைஞ்சுபோன பழைய ரோமானிய ஊரு பாம்பெய், அங்க தோண்டி எடுத்த ஒரு பேக்கரி பத்தி 2023 டிசம்பர்ல அறிவிச்சாங்க. தெருவுக்குப் போக வழியே கிடையாது, வீட்டு முற்றத்துக்குதான் வாசல், சின்ன ஜன்னல், அதுலயும் இரும்புக் கம்பி. அடிமைங்களையும் கழுதைங்களையும் ஒண்ணா அடைச்சு வச்சு மாவு அரைச்சிருக்காங்க. கழுதைக்கு கண்ணைக் கட்டிருவாங்க, நம்ம ஊரு செக்கு மாடு மாதிரி அது திருகையைச் சுத்தி வரணும், கால் வழுக்கக்கூடாதுன்னு கல்லுத் தரையில அரைவட்டமா பள்ளம் வெட்டி வச்சிருக்காங்க. கழுதைக்கு வழுக்கக்கூடாதுன்னு யோசிச்சவங்க மனுஷனுக்கு ஒரு கதவு வைக்கல பாருங்க.

அப்புலேயஸ்னு 2ம் நூற்றாண்டு எழுத்தாளர் இந்த மாதிரி ஒரு மாவு மில்லை எழுதியிருக்கார். நெத்தில சூடு போட்ட எழுத்து, பாதி மழிச்ச தலை, கால்ல வளையம், புகையில கெட்டுப்போன கண்ணு, உடம்பு பூரா மாவு. எனக்கு மாஸ்க் இருக்கு, ஃபேன் இருக்கு, அப்பவும் சீசன்ல ராத்திரி இருமல் நிக்காது, அவங்க எப்படி மூச்சு விட்டிருப்பாங்க!

ரோமோட முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்துல ரோம் நகரத்துல 2 லட்சம் பேருக்கு மேல இலவச தானியம் கொடுத்தாங்கன்னு பெருமையா சொல்றோம், அந்த தானியத்தை மாவாக்கின கை யாரோடதுன்னு யாரும் கேக்கறதில்ல. யூரிசாசெஸ்னு ஒரு பேக்கரி முதலாளியோட சமாதி இன்னும் ரோம்ல நிக்குது, தானியம் அரைக்கறது, சலிக்கறது, பிசையறது, சுடறதுன்னு எல்லாத்தையும் சுத்தி செதுக்கியிருக்காங்க, பேரு மட்டும் முதலாளியோடது.

ஆனா கி.பி. 79ல பாம்பெயைப் புதைச்ச அதே எரிமலை வெடிச்சப்ப, பக்கத்து ஊரான ஹெர்குலேனியம்ல கருகிப்போன ஒரு உருண்டை ரொட்டி கிடைச்சிருக்கு, அதுல 'குயின்டஸ் கிரானியஸ் வெரஸோட அடிமை கெலர்'னு முத்திரை இருக்கு. கொலோசியம் படத்தை எத்தனையோ தடவை போட்டுட்டீங்க, அடுத்த ஞாயிறு அந்த ரொட்டி படத்தைப் போட்டு கீழ கெலர்னு பேரு போடுங்கய்யா.

இப்படிக்கு,
ஒரு பேக்கரி தொழிலாளி, திண்டுக்கல்