ஒரே கையெழுத்து

சங்கரன்கோவில்,
கார்த்திகை 12.

அன்பு நண்பன் சுந்தரத்துக்கு,

உன் கடிதம் வந்து இருபது நாள் ஆகிறது. கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்து எழுத்துகளெல்லாம் பளிச்சென்று தெரிகின்றன என்று நீ எழுதியிருந்ததைப் படித்து நிம்மதியானேன். பதில் தாமதமானதற்குச் சோம்பல் காரணம் இல்லை. சேலத்தைப் பற்றி நீ கேட்டிருந்த கேள்விதான் காரணம். மாம்பழத்துக்குப் பேர்போன நம் சேலம் இல்லை. அமெரிக்காவில், மாசசூசெட்ஸில் இருக்கும் சேலம். 1692இல் அங்கே சூனியக்காரிகள் என்று சொல்லி இத்தனை பேரைத் தூக்கிலிட்டார்களே, ஒரே ஓர் ஆளின் வயிற்றெரிச்சல் ஓர் ஊரையே அந்த நிலைக்குக் கொண்டுபோகுமா என்று கேட்டிருந்தாய். அதற்கு அவசரமாகப் பதில் எழுத மனம் வரவில்லை. அந்த வழக்கின் மூல ஆவணங்களைப் படம் பிடித்துக் கணினியில் ஏற்றியிருக்கிறார்கள் என்று பேத்தி சொன்னாள். பத்துப் பன்னிரண்டு நாளாக, சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால்கூட எழுந்திருக்காமல் அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதையின் தலைப்பு உனக்குத் தெரியும் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சேலம் நகரத்துக்கு வெளியே, இன்று டான்வர்ஸ் என்று அழைக்கப்படும் சேலம் கிராமத்தில், சாமுவேல் பாரிஸ் என்ற பாதிரியாரின் ஒன்பது வயது மகளுக்கும், அதே வீட்டில் வளர்ந்த பதினொரு வயதுச் சிறுமிக்கும் அந்தக் குளிர்காலத்தில் வலிப்பு போல ஏதோ வந்தது. மருத்துவர் கைவிரித்து, இது தீயசக்தியின் வேலை என்றார். சில நாளில் தாமஸ் புட்னம் என்பவரின் பன்னிரண்டு வயது மகள் ஆனுக்கும் அதே கோலம். பிப்ரவரி 29 அன்று நான்கு ஆண்கள் நீதிபதிகளிடம் புகார் கொடுத்தார்கள். அந்த நால்வரில் தாமஸ் புட்னமும் ஒருவர், அவர் தம்பி எட்வர்டு மற்றொருவர். செப்டம்பர் முடிவதற்குள் 19 பேர் தூக்கில் தொங்கிவிட்டார்கள். ஒரு முதியவர் மார்பில் பாறைகளை அடுக்கி நசுக்கப்பட்டார். குறைந்தது ஐந்து பேர் சிறையிலேயே இறந்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் நூற்றைம்பதுக்கும் மேல். அவர்களில் நான்கைந்து வயதுக் குழந்தை ஒன்றும் உண்டு, அதையும் விலங்கிட்டு மாதக்கணக்கில் சிறையில் வைத்திருந்தார்கள்.

சார்பதிவாளர் அலுவலக வாசலில் நாற்பது ஆண்டு பத்திரம் எழுதியவனுக்கு முதலில் கண்ணில் படுவது வாசகம் இல்லை, கையெழுத்துதான். வெவ்வேறு சிறுமிகள், வேலைக்காரப் பெண், அண்டை அயலார் என்று பலர் வெவ்வேறு நாளில் கொடுத்த வாக்குமூலங்கள். எழுதிய கை மட்டும் மீண்டும் மீண்டும் ஒன்றாகவே இருக்கிறது. அந்தக் கை தாமஸ் புட்னமுடையது என்று ஆய்வாளர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட வாக்குமூலங்களை அவர் தம் கையாலேயே எழுதியிருக்கிறார். கடிக்கப்பட்டேன், கிள்ளப்பட்டேன், கொடூரமாக வதைக்கப்பட்டேன் என்று ஆளுக்கு ஆள் அதே சொற்கள் திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வயிற்றைக் கலக்கியது. நான் எழுதிய பத்திரங்களிலும் விற்றவர் யாராக இருந்தாலும் 'என் முழு மனச்சம்மதத்துடன்' என்றுதான் இருக்கும். அது அவர் சொன்ன சொல் இல்லை, நான் போட்ட சொல்.

தாமஸ் புட்னமுக்கு ஊரின்மேல் அப்படி என்ன கோபம் என்று தேடிக்கொண்டு போனால், நம் தாலுகாவில் மாதம் பத்துப் பார்த்த அதே சங்கதி வந்து நிற்கிறது. பங்காளிக் காய்ச்சல். அவருடைய தந்தையும் ஒரு தாமஸ் புட்னம்தான். கிராமத்தில் பெரிய பணக்காரர். மனைவி இறந்த பின் மேரி வெரன் என்ற விதவையை இரண்டாம் தாரமாக மணந்தார். அந்த அம்மாளுக்கு ஒரே மகன் பிறந்தான், ஜோசப். 1686இல் பெரியவர் இறந்து உயிலைப் பிரித்தபோது, குடியிருந்த வீடும் நல்ல நிலங்களில் பெரும்பகுதியும் இளையதாரத்துக்கும், மீசை முளைக்காத ஜோசப்புக்கும் போயிருந்தன. மூத்ததாரத்துப் பிள்ளைகள் உயிலை எதிர்த்துப் பார்த்தார்கள், எடுபடவில்லை. போதாக்குறைக்கு, 1690இல் ஜோசப் கலியாணம் செய்துகொண்டது புட்னம் குடும்பத்துக்கு நெடுநாள் ஆகாத போர்ட்டர் குடும்பத்துப் பெண்ணை. தாமஸின் மனைவி மூத்த ஆனும் அதே தீயில் வெந்தவள்தான். அவளுடைய தந்தை வசதியான கப்பல் கட்டுநர், அவர் சொத்தின் பெரும்பங்கு சகோதரர்கள் கைக்குப் போய்விட்டதென்று அங்கேயும் ஒரு வழக்கு. ஆக, ஏமாற்றப்பட்டோம் என்ற நினைப்பைத் தவிர இருவருக்கும் பொதுச்சொத்து என்று அந்த வீட்டில் அதிகம் இருந்திருக்காது. பன்னிரண்டு வயதுப் பெண் அடுப்படியில் உட்கார்ந்து கேட்டது அந்தப் பேச்சைத்தான்.

நீ இங்கே ஒரு கேள்வி கேட்பாய் என்று எனக்குத் தெரியும். எரிச்சல் ஜோசப்மேல் என்றால், ஜோசப் அல்லவா முதலில் மாட்டியிருக்க வேண்டும்? அவர்மேல் ஒரு புகாரும் பதிவாகவில்லை, சிற்றன்னைமேலும் இல்லை. அந்த மாதங்களில் ஜோசப் குதிரைக்குச் சேணம் பூட்டியே வைத்திருந்தார், துப்பாக்கியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருந்தார் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். ஆனாலும் வாரண்டு வந்தது வேறு வீடுகளுக்கு. என் அனுபவத்தில் இதில் ஆச்சரியம் இல்லை. தம்பியைத் தொட்டால் "உயில் வழக்கில் தோற்றவன்தானே" என்று ஊர் ஒரே வரியில் சொல்லி முடித்துவிடும். அழுக்காறு தன் முகம் தெரியாத இடத்தில்தான் கல்லெறியும்.

கல் விழுந்த இடங்களில் ஒன்றை மட்டும் நிதானமாகப் பார்ப்போம். ரெபேக்கா நர்ஸ் அம்மாளுக்கு அப்போது 71 வயது. நர்ஸ் என்பது கணவரின் குடும்பப் பெயர். மருத்துவமனைத் தாதி இல்லை. காது மந்தம், உடல் நலிவு, எட்டுப் பிள்ளைகளின் தாய், தேவாலயத்தில் மதிப்புள்ளவர். கணவர் பிரான்சிஸ் மரத்தட்டு செய்து பிழைத்தவர். 1678இல் 300 ஏக்கர் பண்ணை ஒன்றைத் தவணை முறையில் எடுத்து, பிள்ளைகளும் மருமக்களுமாகச் சேர்ந்து அதை உருப்படியாக்கிவிட்டார். ஒருபக்கம் தந்தைவழி நிலம் கைநழுவிப் போன குடும்பம். மறுபக்கம் தட்டு செதுக்கியவர் 300 ஏக்கரில் குடும்பத்தோடு உட்கார்ந்திருக்கிறார். ரெபேக்காவின் பிறந்த வீட்டார் குடியிருந்த டாப்ஸ்ஃபீல்டு ஊர்க்காரர்களுக்கும் புட்னம் வகையறாவுக்கும் எல்லைத் தகராறு பல ஆண்டாக நடந்துவந்தது. 1691 அக்டோபரில், பாதிரியார் பாரிஸுக்குச் சம்பளம் கொடுக்க மனமில்லாதவர்கள் கிராமக் குழுவைக் கைப்பற்றினார்கள். அந்த ஐவரில் பிரான்சிஸ் நர்ஸும் இருந்தார், ஜோசப் புட்னமும் இருந்தார். பாரிஸுக்கு முதல் ஆதரவாளர் யார் என்று சொல்ல வேண்டுமா?

1692 மார்ச்சில் சிறுமி ஆனுக்கு ஓர் உருவம் தெரிந்தது. இதை ரெபேக்காவின் மருமகன் ஜான் டார்பெல்லின் சாட்சியத்தில் படித்தேன். மொத்த ஆவணங்களிலும் என்னைத் தூங்கவிடாத தாள் அதுதான். அவரும் மைத்துனர் சாமுவேலும் மார்ச் 28 அன்று தாமஸ் புட்னம் வீட்டுக்கே போய், எங்கள் தாயாரின் பெயரை முதலில் சொன்னது யார் என்று கேட்டிருக்கிறார்கள். வெளிறிய முகமுள்ள ஒரு பெண் தன் பாட்டியின் இருக்கையில் உட்கார்ந்திருந்ததைக் கண்டதாகவும், அவள் பெயர் தனக்குத் தெரியாது என்றும் சிறுமி சொன்னாளாம். அப்படியானால் பெயரைச் சொன்னது யார்? வேலைக்காரப் பெண் மெர்சி லூயிஸ், எசமானியம்மாள்தான் சொன்னார் என்றாள். எசமானியம்மாள், மெர்சிதான் சொன்னாள் என்றார். இப்படியே ஒருவர்மேல் ஒருவர் தள்ளிவிட்டுக்கொண்டார்கள் என்று டார்பெல் எழுதியிருக்கிறார். பெயரில்லாத முகம் ஒன்றைக் குழந்தை பார்த்தது. பெரியவர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். பாட்டியின் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள் என்ற அந்த வரியைப் படித்தபோது எனக்குச் சிற்றன்னை மேரி வெரன்தான் நினைவுக்கு வந்தார். இது என் ஊகம், பத்திரத்தில் ஏறாது.

இதே விதத்தில் மார்த்தா கோரி என்ற அம்மாள் மாட்டிய கதையையும் கேள். அவர்மேல் சிறுமி ஆன் பழி சொன்னதும், அவளுடைய சித்தப்பா எட்வர்டும் இன்னொருவரும் நேரில் விசாரிக்கப் புறப்பட்டார்கள். போகுமுன், உன்னை வதைக்க வரும் மார்த்தாவின் ஆவி என்ன உடை உடுத்தியிருக்கிறது, பார்த்துச் சொல் என்று சிறுமியைக் கேட்டார்கள். நியாயமான சோதனைதான். ஆனால் மார்த்தா என் கண்ணை மறைத்துவிட்டாள், உடை தெரியவில்லை என்றாள் சிறுமி. அங்கே போனால் மார்த்தாவோ, என்ன உடை உடுத்தியிருக்கிறேன் என்று அவள் சொன்னாளா என்று அவராகவே கேட்டார். இப்படி ஒரு சோதனை நடக்கும் என்று யூகித்த புத்திசாலித்தனமே அவருக்கு வினையாயிற்று. அவர் கேட்டதை அமானுஷ்ய ஞானம் என்று எழுதிக்கொண்டார்கள். சிறுமியால் சொல்ல முடியாமல் போனது யாருக்கும் உறுத்தவில்லை.

ஒரு வீட்டு எரிச்சல் ஊர் வெறியாக மாறியது எப்படி என்பதற்கு என் பதில் இனிமேல்தான் இருக்கிறது. தாமஸ் புட்னம் ஒருவரே எல்லாரையும் ஆட்டிவைத்தார் என்று நான் நம்பவில்லை. அவர் ஒரு கதவைத் திறந்தார், மற்றவர்கள் தத்தம் மூட்டையோடு உள்ளே நுழைந்தார்கள். சாரா ஹோல்டன் என்ற விதவையின் சாட்சியத்தைப் பார்: சில ஆண்டுக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை, எங்கள் பன்றிகள் தம் வயலில் புகுந்துவிட்டன என்று ரெபேக்கா நர்ஸ் எங்கள் வீட்டுக்கு வந்து சத்தம் போட்டார், பன்றிகளுக்கு நுகத்தடி பூட்டியிருந்தது, அவர்கள் வேலிதான் பல இடத்தில் விழுந்து கிடந்தது, அதன் பிறகு என் கணவருக்கு உடம்பு கெட்டு இறந்துபோனார். பன்றி வயலில் புகுந்ததால் வந்த வாய்ச்சண்டை, கொலைச் சாட்சியாகிவிட்டது. அந்தப் பெண் பொய் சொன்னாள் என்றுகூடச் சொல்ல மாட்டேன். கணவனைப் பறிகொடுத்த துக்கத்துக்குக் காரணம் தேடியவளிடம் ஊரே சேர்ந்து ஒரு காரணத்தை நீட்டியது. அச்சத்துக்கும் அங்கே பஞ்சம் இல்லை. வடக்கு எல்லையில் பழங்குடிகளோடு போர் நடந்துகொண்டிருந்தது, மெர்சி லூயிஸே அங்கே பெற்றோரைப் பறிகொடுத்து வந்தவள்தான். இவை அத்தனைக்கும் மேலாக, ஒருவரின் ஆவி வந்து வதைத்ததைக் கண்டேன் என்ற சொல்லை நீதிமன்றமே சாட்சியமாக ஏற்றது. சொல்பவருக்கு மட்டுமே தெரியும் காட்சியை யார் குறுக்கு விசாரணை செய்ய முடியும்? வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன் என்று நிரூபித்தாலும் பயன் இல்லை, வந்தது ஆவிதானே.

ரெபேக்கா அம்மாளின் நற்குணத்துக்குச் சாட்சியாக 39 பேர் பெயர் கொடுத்தார்கள். அவர்மேல் புகார் கொடுத்த இருவரில் ஒருவரான ஜோனதன் புட்னமே மனம் மாறி அதில் சேர்ந்தார். ஜூரிகள் முதலில் குற்றமற்றவர் என்றுதான் தீர்ப்புச் சொன்னார்கள். உடனே சிறுமிகள் கூச்சலிட்டுப் புரண்டார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்த கைதி ஒருத்தியை அம்மாள் "எங்களில் ஒருத்தி" என்று சொன்னதை மறுபடி யோசித்தீர்களா என்று தலைமை நீதிபதி ஸ்டோட்டன் கேட்டார். ஜூரி அதற்கு விளக்கம் கேட்டபோது, காது கேளாத கிழவி பதில் சொல்லாமல் நின்றார். தன்னோடு சிறைப்பட்டவள் என்ற பொருளில்தான் சொன்னதாக அவர் பின்னர் விளக்கியது எடுபடவில்லை. ஜூலை 19 அன்று தூக்கிலிட்டார்கள்.

நெருப்பு அதோடு நிற்கவில்லை. யார் வீட்டில் மூட்டினார்களோ அவர்கள் கையிலும் அடங்கவில்லை. நீ முப்பது ஆண்டு வேலை பார்த்த சென்னை மாநகராட்சியின் முதல் மேயர், 1688இல், நத்தானியேல் ஹிக்கின்சன் அல்லவா? அவருடைய தந்தை ஜான் ஹிக்கின்சன்தான் அப்போது சேலம் நகரத் தேவாலயத்தின் மூத்த பாதிரியார். 1692 ஜூனில் அந்தப் பாதிரியாரின் மகள் ஆன்மேலேயே சூனியக் குற்றம் சாட்டினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அவளுடைய அண்ணன் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் ஆளுநராகப் பொறுப்பேற்றார். தங்கையின் சேதி எத்தனை மாதம் கடலில் மிதந்து அவரிடம் வந்து சேர்ந்திருக்கும் என்று யோசித்தபடி ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்திருந்தேன்.

தாமஸ் புட்னம் தன்னைப் பொறாமைக்காரர் என்று ஒரு நாளும் நினைத்திருக்க மாட்டார். ஏப்ரல் 21 அன்று நீதிபதிகளுக்கு எழுதிய கடிதத்தில், அவர்கள் படும் பாட்டுக்கு நன்றி சொல்லிவிட்டு, சக்கரத்துக்குள் சக்கரம் என்று பைபிள் வாக்கை எடுத்தாண்டு, கேட்டால் காது கூசும் பயங்கரச் சேதி ஒன்று வந்திருக்கிறது என்கிறார். ஊருக்கு உழைப்பவரின் குரல் அது. என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, எனக்கு மண்ணாசை இல்லை ஐயா, நியாயம்தான் வேண்டும் என்று சொன்னவர்களின் குரலும் அப்படித்தான் இருக்கும். 1699இல் புட்னமும் மனைவியும் இரண்டே வார இடைவெளியில் இறந்துபோனார்கள். வருந்தியதாக இருவரும் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை.

எழுதி வைத்தவள் மகள்தான். தம்பி தங்கைகளை வளர்த்துக்கொண்டு, கலியாணம் செய்துகொள்ளாமல் இருந்துவிட்ட ஆன், 1706 ஆகஸ்ட் 25 அன்று கிராமத் தேவாலயத்தில் எழுந்து நின்றாள். அவளுடைய மன்னிப்பு வாசகத்தைப் புதிய பாதிரியார் ஜோசப் கிரீன் சபைமுன் வாசித்தார். ரெபேக்கா நர்ஸையும் அவர் சகோதரிகள் இருவரையும் குறிப்பிட்டு, புழுதியில் விழுந்து கிடக்க விரும்புகிறேன் என்கிறாள். சாத்தானின் மயக்கத்தில் செய்தேன், யார்மேலும் எனக்குக் கோபமோ வன்மமோ இருந்ததில்லை என்கிறாள். பலர் இதைச் சால்ஜாப்பு என்கிறார்கள். நான் நம்புகிறேன். அவளுக்கு அந்தக் கிழவிமேல் என்ன வன்மம் இருந்திருக்கும்? பன்னிரண்டு வயதில் அவள் சொன்னதைத் தகப்பனார் தாளில் எழுதினார்; இருபத்தாறு வயதில் அவளுடைய சொல்லைப் பாதிரியார் தாளைப் பிடித்து வாசித்தார்.

மார்கழிக் கடைசியில் நீ வருவதாகச் சொன்னாயே, வா. ரெபேக்கா அம்மாளுக்காக 39 பேர் கொடுத்த மனுவைப் பேத்தியிடம் சொல்லிப் பெரிதாக அச்செடுத்து வைத்திருக்கிறேன். ஜோசப் புட்னம் பெயரும் அதில் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் அண்ணனின் வாக்குமூலத் தாள் ஒன்றையும் வைத்துப் பார்ப்போம். எனக்கு இப்போது பூதக்கண்ணாடி இல்லாமல் முடிவதில்லை. உன் புதுக் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்.

உன் நண்பன்,
ராமலிங்கம்