"வண்டிய மாத்து"ன்னு சொல்றதுக்கு முன்னாடி: ஈசிஆர் சைக்கிள் குரூப் சீனியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

ஞாயித்துக்கெழம காலைல அஞ்சு மணிக்கு திருவான்மியூர்ல லைட்ட போட்டுக்கிட்டு கெளம்பி, முட்டுக்காடு பாலம் தாண்டி மாமல்லபுரம் வரைக்கும் மிதிச்சிட்டு திரும்புற எல்லா குரூப்புலயும் உங்கள மாதிரி நாலஞ்சு பேர் இருக்கீங்க. யாரு முன்னாடி போகணும், யாரு கடைசில வரணும், பஞ்சர் ஆனா கூட யாரு நிக்கணும், எல்லாம் நீங்க சொல்றதுதான். எனக்கு ட்யூப் மாத்தக் கத்துக்குடுத்ததும் உங்கள்ல ஒருத்தர்தான், இருட்டுல டார்ச்ச வாயில கவ்விக்கிட்டு சொல்லிக்குடுத்தாரு, அத இன்னும் மறக்கல. அந்த உரிமைலதான் இத எழுதுறேன்.

போன மாசம் கோவளம் பக்கத்துல டீ குடிக்க நின்னோம். கார்பன் வண்டியெல்லாம் (கார்பன் ஃபைபர்ல செஞ்ச, எடை கம்மியான, வெல கூடுன சைக்கிள்) கடைக்கு முன்னாடி செவுத்தோரமா வரிசையா சாஞ்சிருந்துச்சு. புதுசா வந்த தம்பி ஒருத்தன், வேலைக்கு சேந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது, தன்னோட இருபத்தஞ்சாயிரம் ரூபா ஹைபிரிட் வண்டிய, அதான் நேரான ஹேண்டில் வச்ச சாதா கியர் சைக்கிள, தள்ளிக்கிட்டு கடைக்குப் பின்னாடி போயி, காலி தண்ணி கேன் அடுக்கி வச்சிருந்த எடத்துல நிறுத்திட்டு வந்தான். ஏம்ப்பா அங்க விட்டனு கேட்டேன். "முன்னாடி எடம் இல்லண்ணா"ன்னான். எடம் இருந்துச்சு. அதுக்கு பத்து நிமிஷம் முன்னாடிதான் நம்மாளு ஒருத்தர் அவன்கிட்ட, அக்கறையாத்தான் சொன்னாரு, "இத வச்சிக்கிட்டு எங்ககூட வர்றது கஷ்டம் தம்பி, ஒரு கார்பன் எடுத்துரு, இப்பதான் இஎம்ஐ இருக்கே"ன்னு. மத்தவங்களும் தலையாட்டினோம். நானும்தான் நின்னேன், ஒரு வார்த்த பேசல.

முட்டி வலிக்குதுன்னு அவன் வழியெல்லாம் சொல்லிக்கிட்டே வந்தான். டீ குடிச்சிட்டு பின்னாடி போயி அந்த வண்டியப் பாத்தேன். சீட்டு ரெண்டு வெரக்கட கீழ இருந்துச்சு, குதிகால பெடல்ல வச்சு காலை நீட்டச் சொன்னா முட்டி நல்லா மடங்கியே நிக்குது. சீட்டு தாழ்ந்து இருந்தா முட்டிக்கு முன்பக்கம் வலிக்கும்னு நம்ம எல்லாருக்கும் தெரியும்ல? பின்சக்கரத்த கட்டவெரலால அமுக்கினா வெரல் உள்ள போகுது, காத்து அவ்வளவு கம்மி. செயின் முழுக்க செம்மண் கலர்ல துரு, கடக்கர காத்துல நாலு நாள் துடைக்காம விட்டா அப்படித்தான் ஆகும். ஒரு ஆலன் கீ (சீட்டு போல்ட்ட திருகுற ஆறுமூலை சாவி), ஒரு பம்ப், ரெண்டு சொட்டு செயின் ஆயில், சரி பண்ண பத்து நிமிஷம் ஆச்சு. திரும்பி வர்றப்ப அக்கரை வரைக்கும் அவன் வரிசைய விட்டு பின்னாடி போகவே இல்ல, முட்டியப் பத்தியும் பேசல. நாம அவனுக்கு சொன்ன தீர்வு ஒன்ற லட்சம் ரூபா!

கார்பன் வண்டி வேஸ்ட்னு நான் சொல்லவே மாட்டேன். ஆனா அந்தக் காசுக்கு என்ன கெடைக்கும், என்ன கெடைக்காதுங்கறத நாம புதுசா வர்றவங்களுக்கு ஒளிக்காம சொல்றோமா?

எடையையே எடுத்துக்கங்க. எழுவத்திரெண்டு கிலோ ஆளு 11 கிலோ வண்டில கொல்லிமலை ஏறுறாருன்னு வைங்க, 70 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிக்க ஒன்ற மணி நேரம் ஆகுது. அவருக்கே 8 கிலோ கார்பன் வண்டி குடுத்தா மொத்த எடை 83ல இருந்து 80 ஆகும், அதே பலத்துல மிதிச்சா மூணு நிமிஷம் சொச்சம் முன்னாடி மேல போயிருவாரு. ஒன்ற மணி நேரத்துல மூணு நிமிஷம், லட்சக் கணக்குல செலவு பண்ணி. ரேஸ்ல அது பெரிய விஷயம், ஒத்துக்கறேன். ரேஸ்காரங்களுக்கே 6.8 கிலோவுக்கு கீழ வண்டி இருக்கக் கூடாதுன்னு யூசிஐ, அதாவது சர்வதேச சைக்கிள் சங்கத்தோட விதி இருக்கு. ஆனா நாம ஓட்டுறது ஈசிஆர், தட்டையான ரோடு, அங்க அந்த மூணு கிலோ கிட்டத்தட்ட கணக்குலயே வராது. ரெண்டு பெரிய பாட்டில் தண்ணியே ஒன்ற கிலோ!

தட்ட ரோட்டுல நம்மள புடிச்சு இழுக்குறது காத்து. அந்தக் காத்துத் தடைல பெரும்பங்கு நம்ம உடம்பு, வண்டியோட பங்கு கொஞ்சம்தான். இதுக்கு எனக்குத் தெரிஞ்சு இதவிட நல்ல சாட்சி இல்ல: 1972ல மெக்சிகோ சிட்டில பெல்ஜியம் ரேஸ் வீரர் எடி மெர்க்ஸ் ஒரு மணி நேரத்துல 49.431 கிலோமீட்டர் ஓட்டினாரு, சாதா ஹேண்டில்பார் வச்ச ஸ்டீல் வண்டி. 1996ல இங்கிலாந்து வீரர் கிறிஸ் போர்ட்மேன் கை ரெண்டையும் முன்னாடி நீட்டிப் படுத்த மாதிரி ஒக்காந்து, அதுக்குன்னே செஞ்ச வண்டில 56.375 கிலோமீட்டர் போனாரு. அப்புறம் யூசிஐ, மெர்க்ஸ் ஓட்டின மாதிரி வண்டிலதான் ஓட்டணும்னு விதிய மாத்துனாங்க, 2000த்துல அதே போர்ட்மேன் திரும்ப ஓட்டினாரு, 49.441. மெர்க்ஸவிட வெறும் பத்து மீட்டர் ஜாஸ்தி, இருபத்தெட்டு வருஷம் கழிச்சு! அதே மனுஷன், நாலு வருஷ இடைவெளி, ஏழு கிலோமீட்டர் வித்தியாசம், அதுல ரொம்பப் பெரிய பங்கு அவர் ஒக்காந்த விதம். அப்ப அந்தத் தம்பிக்கு நாம மொதல்ல சொல்லிக்குடுக்க வேண்டியது முழங்கைய மடக்கி உடம்ப தாழ்த்தி ஓட்டுறது, முன்னாடி போற வண்டியோட சக்கரத்துக்கு பின்னாடி பயமில்லாம ஒட்டிப் போறது. அந்த மறைவுல போனா மட்டுமே கால்வாசி பலத்துக்கு மேல மிச்சமாகும், அதுக்கு பைசா செலவில்ல, சொல்லிக்குடுக்க ஆளுதான் வேணும்.

காசு போட வேண்டிய எடமும் இருக்கு, அதையும் சொல்லணும். கியரே சரியில்லாத மட்டமான வண்டிலேர்ந்து ஒரு ஒழுங்கான அலுமினிய ரோடு பைக்குக்கு மாறுறப்ப வித்தியாசம் நல்லாவே தெரியும், அந்தக் காசு வீண் போகாது. நல்ல டயர் கண்டிப்பா வாங்கணும், என்னக் கேட்டா மொத்த வண்டிலயும் குடுத்த காசுக்கு அதிகமா திருப்பித் தர்றது டயர்தான். மழைல ஏற்காடு எறங்கினவங்களுக்கு ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் எதுக்குன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. மலை ஏற ஆசப்பட்டா பின்னாடி 34 பல் கேசட் (பின்சக்கரத்துல இருக்கற பல்சக்கர அடுக்கு, பெரிய சக்கரத்துல 34 பல்) போட்டுக்கலாம். இதுக்கு மேல ஷிமானோ கம்பெனி கியர் செட்டுல 105ல இருந்து அல்டெக்ரா, அல்டெக்ரால இருந்து டியூரா ஏஸ்னு போறப்ப கெடைக்கிறது கொஞ்சம் எடை கொறையறது, இன்னும் கொஞ்சம் சுத்தமா கியர் விழறது. அது சந்தோஷம், கையில காசிருந்தா தாராளமா வாங்குங்க, அழகான பொருள வச்சிருக்கறதுல தப்பே இல்ல. ஆனா "சந்தோஷத்துக்கு வாங்கினேன்"னு சொல்லுங்க, இது இல்லாம ஓட்ட முடியாதுன்னு சொல்லாதீங்க. பிஆர்எம்ல, அதாவது குடுத்த நேரத்துக்குள்ள முடிச்சா போதும்ங்கற நீண்ட தூர ஓட்டத்துல, 200 கிலோமீட்டருக்கு பதிமூன்ற மணி நேரம் குடுக்குறாங்க, டீ, டிபன் எல்லாம் சேத்து சராசரி 15 கிலோமீட்டர் வேகம் இருந்தா போதும். அதுக்கு எந்த கார்பன் வேணும்?

நான் இவ்வளவு கோவமா எழுதறதுக்கு சொந்தக் காரணமும் இருக்கு. ஆறு வருஷத்துக்கு முன்னாடி என்கிட்டயும் இதேதான் சொன்னாங்க. ரெண்டே கால் லட்சம், பாதி சேமிப்பு பாதி லோன். கடைல ஸ்டாக்குல இருந்தது 56 சைசு ஃப்ரேம், எனக்கு வேண்டியது அதவிட சின்னது, 52, ஹேண்டில புடிச்சிருக்கற ஸ்டெம்ம சின்னதா மாத்திக்கலாம் சார்னாங்க, நானும் நம்பினேன். ஹேண்டில எட்டிப் புடிச்சுப் புடிச்சு கழுத்தும் தோளும் போச்சு, ராத்திரில கை மரத்துப் போகும். எட்டு மாசத்துல பாதி வெலைக்கு வித்தேன், லோன் மட்டும் அதுக்கப்புறமும் ஒரு வருஷத்துக்கு மேல போயிட்டிருந்துச்சு. இப்ப ஓட்டுறது என் அளவுக்கு பொருந்துற அலுமினிய வண்டி, அத வாங்குறதுக்கு முன்னாடி மூவாயிரம் ரூபா குடுத்து ஃபிட்டிங், அதாவது என் உடம்புக்கு எந்த அளவு வண்டி சரியா வரும்னு அளந்து பாத்தேன், அப்புறம் கழுத்து வலி இல்ல. அந்த மூவாயிரத்த மொதல்ல செலவு பண்ணுன்னு யாராவது ஒருத்தர் சொல்லியிருந்தா!

என்னோட மூணு கோரிக்க இருக்கு. புதுசா வர்றவங்கள ஆறு மாசம் அவங்க வச்சிருக்கற வண்டிலயே ஓட்ட விடுங்க, அதுக்குள்ள வண்டிய மாத்துற பேச்சே வேணாம். வலிக்குது, முடியலன்னு சொன்னா மொதல்ல சீட்டு, டயர் காத்து, செயின் மூணையும் நீங்களே குனிஞ்சு பாருங்க. அப்புறமும் வாங்கணும்னா அவங்க சம்பளம் என்ன, வீட்டு நெலம என்னன்னு கொஞ்சம் பேசிட்டு சொல்லுங்க, ஏன்னா உங்க வார்த்தைய அவங்க அப்படியே எடுத்துக்கறாங்க.

அந்தத் தம்பி போன வாரம் வரல. போன் போட்டேன், ஒரு கடைல பேசி வச்சிருக்கானாம், மாசம் எட்டாயிரம் வருமாம், இன்னும் கையெழுத்து போடலயாம். வர்ற ஞாயிறு நாலே முக்காலுக்கே பம்ப், ஆலன் கீ எல்லாம் எடுத்துக்கிட்டு திருவான்மியூர்ல நிக்கிறேன், அவன் பழைய வண்டியோடவே வரச் சொல்லியிருக்கேன். உங்கள்ல ஒருத்தராவது சீக்கிரம் வாங்க. நான் சொன்னா அவன் கேப்பானோ மாட்டானோ, நீங்க சொன்னா கேப்பான்.

இப்படிக்கு,
உங்க குரூப்புல எப்பவும் கடைசில வர்ற ஒருத்தன்