மாஸ்டரை மறுபடி அடுப்படிக்கு அனுப்பியவர்களுக்கு நன்றி

பைக் விபத்தில் மூளையின் முன்பகுதியில் அடிபட்ட என் கணவர், கல்யாணச் சமையல் மாஸ்டர், மறுபடியும் கரண்டி பிடித்துவிட்டார். அதற்குக் காரணமானவர்கள் பலர். நேரில் வந்து சொல்ல வேண்டியதை எழுதுகிறேன்.

முதல் நன்றி, அன்றாட வேலைகளை மறுபடி செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி டாக்டரம்மாவுக்கு. ஆஸ்பத்திரியில் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் என் கணவர் சரியாகவே பதில் சொன்னார். வீட்டிலோ எண்ணெய் புகையும், வெங்காயம் உரிக்காமல் கிடக்கும், இவர் உப்பு டப்பாவைத் துடைத்துக்கொண்டு நிற்பார். சோம்பல் என்றார்கள், திமிர் என்றார்கள். "சமையல் மறக்கவில்லை, எதை முதலில், எதை அடுத்து என்று வரிசைப்படுத்தி நடத்தும் திறன்தான் குலைந்திருக்கிறது" என்று நீங்கள் சொன்ன பிறகுதான் எங்களுக்கு மூச்சே வந்தது. 1991இல் ஷாலிஸ், பர்ஜெஸ் என்ற ஆய்வாளர்கள் இப்படிப்பட்டவர்களைக் கடைத்தெருவுக்கே அனுப்பிப் பார்த்ததையும், அறைக்குள் வைத்த சோதனைகளில் நன்றாகத் தேறியவர்கள் அங்கே தடுமாறியதையும் விளக்கினீர்கள்.

இயன் ராபர்ட்சன் என்ற உளவியலாளர் வகுத்த இலக்கு மேலாண்மைப் பயிற்சியை எங்கள் சாம்பாரிலேயே நடத்தினீர்கள். நில். என்ன செய்ய வந்தாய்? வேலையைப் பிரி. செய். சரிபார். பருப்பு ஒரு படி, புளி ஒரு படி, தாளிப்பு ஒரு படி. கடுகை எடுக்குமுன் "நில்" என்று உரக்கச் சொல்ல வைத்தீர்கள், பிறகு முணுமுணுப்பாக, பிறகு மனதுக்குள். இப்போது அவர் கை கடுகு டப்பாவின் மேல் ஒரு நொடி நிற்பதை மட்டும்தான் பார்க்க முடிகிறது.

மளிகைக்கடை அண்ணாச்சி, சாயங்காலக் கூட்டத்திலும் சீட்டை அவர் கையிலேயே விட்டீர்கள். விட்டுப்போன சாமானை நீங்களே எடுத்துப் போட்டிருக்கலாம். போடாமல், "சீட்டை இன்னொரு தடவை பாருங்கள், மாஸ்டர்" என்று மட்டும் சொல்லிப் பொறுத்திருந்தீர்கள். அவருக்காகச் செய்து கொடுத்தவர்களைவிட, அவரே செய்யட்டும் என்று காத்திருந்தவர்களுக்குத்தான் நான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன்.

உதவிக்கு நிற்கும் தம்பிகளே, ரேடியோவை நிறுத்தினீர்கள், ஒரு நேரத்தில் ஒரு விஷயம் மட்டுமே அவரிடம் கேட்டீர்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட நாத்தனாருக்கும் நன்றி.

எல்லாம் சரியாகிவிடவில்லை. பந்தி நேரத்தில் இருவர் சேர்ந்து பேசினால் இன்றும் திகைத்துவிடுகிறார். கணக்கு வழக்கு என் பொறுப்பு. ஆனால் வரும் ஆவணியில் ஒரு வளைகாப்புக்கு நூறு இலைக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார். தம்பிகள் எல்லோரும் வந்துவிடுங்கள், கூலி முன்போலவே. டாக்டரம்மா, உங்களுக்கும் ஓர் இலை உண்டு.

நன்றியுடன்,
மாஸ்டரின் மனைவி