இணையவழி நீரியல் படிப்பும் நம் வீட்டு ஆறும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பட்டப்படிப்பு முடித்து வேலையில் இருக்கும் நம் பிள்ளைகள் பலர், வேலையை விடாமலே நீரியலும் நீர்ப் பாதுகாப்பும் இணையவழியில் முதுநிலையாகப் படிக்கலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாகப் படிக்கலாம். பினாங்கில் இருப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான படிப்பு குறைவு. ஆனால் அந்தப் பாடங்கள் பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய ஆறுகளை வைத்து எழுதப்பட்டவை. நம் ஆற்றில் அந்தக் கணக்கு எங்கே பிசகும் என்பதைப் படிப்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்; எந்தப் பேராசிரியரும் திரையில் வந்து சொல்லித் தரப்போவதில்லை.

முதலில், பினாங்குக்கு ஏன் இது முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். மாநிலத்தின் மூல நீரில் 80 விழுக்காட்டுக்கும் மேல் சுங்கை மூடாவிலிருந்து (மூடா ஆற்றிலிருந்து) வருகிறது. அந்த ஆறு பிறப்பது அண்டை மாநிலமான கெடாவில், உலு மூடா காடுகளில். கீழ்ப்பகுதியில் அதுவே இரு மாநிலங்களின் எல்லை. மேலே ஏறத்தாழ ஒரு லட்சம் எக்டர் வயலுக்குப் பாசன நீர் தரும் அணைகளும் அதே நீரை எதிர்பார்க்கின்றன. அரசியலமைப்பின்படி நிலமும் ஆறும் மாநிலத்தின் கையில். குடிநீர் வழங்கல் சேவை 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு கூட்டரசுக்கும் மாநிலத்துக்கும் பொதுவான பட்டியலில். மூல நீருக்குக் கட்டணம் யாருக்கு, எவ்வளவு நீர் யாருக்கு என்று இரு மாநிலங்களுக்கும் இடையே உள்ள தகராறு ஏன் முடிவதே இல்லை என்பது இதிலேயே தெரியும். ஆற்றில் எவ்வளவு தண்ணீர், எப்போது வரும் என்பது நீரியல். அது யாருக்கு, எந்தத் தரத்தில், எந்த உடன்பாட்டின்படி என்பது நீர்ப் பாதுகாப்பு. 2024 ஜனவரியில் சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு மாற்றும் பணிக்காகப் பல வட்டாரங்களில் குழாய் வறண்டது. ஆற்றில் நீர் இருந்தும் வீட்டில் இல்லை. ஒரே ஆறு, ஒரே பெரிய நிலையம் என்று சாய்ந்து நிற்பது என்னவென்று படிப்பவர்கள் இதை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

விண்ணப்பிக்கும் முன் சரிபார்க்க வேண்டியவை சில உண்டு. மலேசியப் பொறியாளர் வாரியத்தில் பட்டதாரிப் பொறியாளராகப் பதிய உதவுவது அங்கீகாரம் பெற்ற இளநிலைப் பொறியியல் பட்டம். புவியியலோ உயிரியலோ படித்தவர் நீரியலில் முதுநிலை முடித்தாலும் அதனால் பொறியாளர் ஆகிவிட மாட்டார். இதைப் பட்டம் வாங்கிய பிறகு தெரிந்துகொண்டு வருந்துபவர்கள் உண்டு. அரசுப் பணி எண்ணம் இருந்தால், இணையவழிப் பட்டத்தை ஏற்பார்களா என்று பொதுச் சேவைத் துறையிடம் எழுத்து மூலமாகக் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். நேரலை வகுப்பு உண்டா, பதிவு செய்த வகுப்பா என்பதும் முக்கியம். அமெரிக்காவின் மத்தியப் பகுதியில் இரவு 7 மணி என்றால் நமக்கு மறுநாள் காலை 8 அல்லது 9 மணி, அதாவது அலுவலக நேரம். இங்கிலாந்தின் மாலை 6 மணி நமக்கு நள்ளிரவைத் தாண்டி 1 அல்லது 2 மணி.

கணிதத்தில் நுண்கணிதமும் புள்ளியியலும் கைவசம் இருக்க வேண்டும். பைத்தான் அல்லது ஆர் என்ற நிரல்மொழியில் ஒரு தரவுக் கோப்பைத் திறந்து, விடுபட்ட நாள்களைக் கண்டுபிடித்து, வரைபடம் போடத் தெரிந்துகொண்டு படிப்பில் சேருங்கள். முதல் பருவத்தில் பின்தங்குபவர்கள் நீரியல் புரியாமல் பின்தங்குவது அரிது. கோப்பு திறக்கத் தெரியாமல்தான் பின்தங்குகிறார்கள். மென்பொருளுக்குப் பணம் கொட்ட வேண்டாம். ஆற்று வெள்ளத்துக்கான ஹெச்இசி-ராஸ், மழை வழிந்தோடுவதைக் கணக்கிடும் ஹெச்இசி-ஹெச்எம்எஸ், நகர வடிகாலுக்கான எஸ்டபிள்யூஎம்எம், நிலத்தடி நீருக்கான மோட்ஃப்ளோ, வரைபடத்துக்கான கியூஜிஐஎஸ் எல்லாமே இலவசம். ஹெச்இசி-ராஸ் விண்டோஸில்தான் ஒழுங்காக ஓடும் என்பதால் ஆப்பிள் கணினி வாங்கும் முன் யோசியுங்கள். 16 ஜிபி நினைவகமாவது வேண்டும்.

இனி நம் மண்ணில் கணக்கு பிசகும் இடங்கள். எந்தப் பாடத்திட்டத்திலும் வரும் 'வளைவெண்' முறையை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க மண்வளப் பாதுகாப்புத் துறை சிறு வேளாண் நிலங்களுக்காக உருவாக்கியது. மண்ணையும் நிலப் பயன்பாட்டையும் பார்த்து அட்டவணையிலிருந்து எடுக்கும் ஓர் எண்தான் வளைவெண்; அது கூடினால் வழிந்தோடும் மழைநீரும் கூடும். 25,400-ஐ வளைவெண்ணால் வகுத்து 254-ஐக் கழித்தால், மண் தாங்கக்கூடிய நீர் மில்லிமீட்டரில் கிடைக்கும். வளைவெண் 80 என்றால் 63.5 மில்லிமீட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்கு, 12.7, மழையின் தொடக்கத்திலேயே இலையிலும் பள்ளத்திலும் தங்கிவிடும் என்பது அனுமானம். 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் வழிந்தோடுவது சுமார் 50. அதே சரிவை வெட்டிச் சமப்படுத்தித் தார் போட்டு வளைவெண் 90 ஆனால், அதே மழைக்கு வழிந்தோடுவது 73. ஒரு சதுர கிலோமீட்டருக்குக் கூடுதலாக ஏறக்குறைய 22,000 கன மீட்டர் நீர், கீழே இருக்கும் தாமானின் (குடியிருப்பின்) லோங்காங்குக்கு (வடிகாலுக்கு) வந்து சேரும். அட்டவணையில் பத்து எண் தள்ளிப் படித்தால் விளைவு இவ்வளவு. ஐந்தில் ஒரு பங்கு என்ற அனுமானமும் மிகை, இருபதில் ஒரு பங்கே பொருந்தும் என்று பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் அதை மட்டும் மாற்றிவிட்டு, மண் தாங்கும் அளவைப் பழையபடி விட்டுவிடக் கூடாது. இரண்டும் சேர்ந்தே மாற வேண்டும். மாணவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் இது. நம் நாட்டு வடிவமைப்பு மழைக்கும் வடிகாலுக்கும் ஜேபிஎஸ் (வடிகால், நீர்ப்பாசனத் துறை) வெளியிட்ட 'மஸ்மா' என்ற மழைநீர் வடிகால் கையேட்டின் 2012-ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு அட்டவணையை அப்படியே எடுத்தெழுதிய ஆய்வேட்டை இங்கே எந்த அலுவலகமும் பயன்படுத்தாது.

மழைத் தரவில் இரண்டு பொறிகள். செயற்கைக்கோள் மழைத் தரவின் ஒரு கட்டம் ஏறத்தாழ 11 கிலோமீட்டர். பினாங்குத் தீவே விரல்விட்டு எண்ணக்கூடிய கட்டங்களுக்குள் அடங்கிவிடும்; 833 மீட்டர் உயரப் பினாங்கு மலையும் அதன் அடிவாரமும் ஒரே எண்ணைப் பெறக்கூடும். பிற்பகல் இடிமழை ஆயர் ஈத்தாமில் கொட்டும்போது கெலுகோரில் வெயில் அடிக்கும் என்பதை அந்த எண் சொல்லாது. இரண்டாவது பொறி நேரம். செயற்கைக்கோள் தரவு உலகப் பொது நேரத்தில் இருக்கும். நாம் 8 மணி நேரம் முன்னே. இங்குள்ள நிலையங்களின் அன்றாட மழை காலை 8 மணி முதல் மறுநாள் காலை 8 மணி வரை கணக்கிடப்படுவது வழக்கம். இரண்டையும் சேர்க்கும்போது தேதியைத் தவறாக ஒட்டினால், கணினி மாதிரி ஒரு நாள் தள்ளி வெள்ளம் காட்டும். மாணவர் உடனே மண்ணின் எண்களைத் திருகத் தொடங்குவார். திருத்த வேண்டியது தேதியை.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் கடல். ஆற்றின் நீர்மட்டத்தை அளந்து, அதிலிருந்து ஓடும் நீரின் அளவைக் கண்டறிய ஒரு வளைவு வரைவார்கள்: இந்த மட்டத்துக்கு இவ்வளவு கன மீட்டர் என்று. மலையடிவாரத்தில் அது சரிவரும். ஜார்ஜ்டவுன் வழியே கடலில் கலக்கும் சுங்கை பினாங்கின் கீழ்ப்பகுதியில் வராது. கடல் பெருகும்போது ஆற்று நீர் வெளியேற வழியின்றித் தேங்கும். மட்டம் உயரும், ஓட்டமோ குறையும். ஒரே மட்டத்துக்குக் காலையில் ஓர் ஓட்டம், மாலையில் வேறோர் ஓட்டம். இதை அறியாமல் வளைவைப் பயன்படுத்தினால், கடல் பெருக்கையே பெருவெள்ளமாக எழுதி வைப்போம். 2017 நவம்பர் 4, 5-இல் பினாங்கை மூழ்கடித்த மழையைப் போன்ற ஒன்றை மாதிரியில் ஓட்ட விரும்புபவர்கள், ஆற்றின் முகத்துவாரத்தில் மணிக்கு மணி கடல்மட்டத்தைக் கொடுத்தே ஆக வேண்டும்.

அங்கேயும் ஒரு கண்ணி. கடல் ஏற்ற இறக்க அட்டவணையின் சுழியம் வேறு, நில அளவையின் சுழியம் வேறு. முன்னது கடல் வற்றும்போது இருக்கும் தாழ்ந்த மட்டத்தையொட்டியது, பின்னது சராசரிக் கடல்மட்டம். இடைவெளி ஒரு மீட்டருக்கும் மேல். மாற்றாமல் கொடுத்தால் மழையே பெய்யாத நாளிலும் ஜார்ஜ்டவுன் தெருக்களில் கணினி வெள்ளம் காட்டும். இலவசமாகக் கிடைக்கும் 30 மீட்டர் உயர வரைபடத்தையும் நம்பிவிடாதீர்கள். 2000-ஆம் ஆண்டு விண்ணோடத்தின் ரேடார் அளந்தது பல இடங்களில் மர உச்சியையும் கூரையையும்தான், தரையை அல்ல. தட்டையான நகரத்தில் அந்தச் சில மீட்டர் பிழை வெள்ள வரைபடத்தையே தலைகீழாக்கும்.

இணையவழிப் படிப்பில் கிடைக்காதது கை அனுபவம். அதற்கு ஒரு சிறிய ஓடை போதும். நேராக ஓடும் 10 மீட்டர் நீளத்தைக் கயிற்றால் குறியுங்கள். அகலத்தையும், குறுக்கே ஐந்தாறு இடங்களில் ஆழத்தையும் அளந்து பரப்பைக் கணக்கிடுங்கள். பாதி மூழ்கி மிதக்கும் ஓர் ஆரஞ்சுப் பழத்தை விட்டு நேரம் பாருங்கள். குறைந்தது ஐந்து முறை. 4 மீட்டர் அகலம், சராசரி அரை மீட்டர் ஆழம், 20 விநாடி என்றால் மேற்பரப்பு வேகம் விநாடிக்கு அரை மீட்டர். அடியில் நீர் மெதுவாக ஓடுவதால் 0.85-ஆல் பெருக்க வேண்டும். விடை விநாடிக்கு 0.85 கன மீட்டர், அதாவது 850 லிட்டர். மேலே மலையில் வானம் கறுத்திருந்தால் நீரில் இறங்கவே கூடாது. காலில் புண் இருந்தால் பூட்ஸ் இல்லாமல் இறங்காதீர்கள். எலிக்காய்ச்சல் இந்த ஓடைகளில் வரும் நோய். அளந்த எண்ணை, ஜேபிஎஸ்ஸின் வெள்ளத் தகவல் இணையதளம் காட்டும் அந்த நேர நீர்மட்டத்தோடு சேர்த்து எழுதி வையுங்கள். ஓராண்டில் ஆய்வேட்டுக்கான தரவு உங்கள் கையில் இருக்கும். பழைய தரவுக்கு ஜேபிஎஸ்ஸிடம் விண்ணப்பிக்கலாம். நிலையத்தின் எண், காலம், நோக்கம் மூன்றையும் தெளிவாக எழுதினால் வேலை சுலபம். நிபோங் திபாலில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆற்றுப் பொறியியல் ஆய்வு மையமும் பக்கத்திலேயே இருக்கிறது. உள்ளூர் வழிகாட்டி வேண்டுமென்று அங்கே கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

வீடு வாங்குபவர்களுக்கும் ஒரு சொல். 'நூறாண்டு வெள்ளம்' என்றால் நூறு ஆண்டுக்கு ஒரு முறை என்று பொருளல்ல. ஒவ்வோர் ஆண்டும் 100-இல் 1 வாய்ப்பு. 35 ஆண்டு வீட்டுக் கடன் கட்டி முடிப்பதற்குள் அது ஒரு முறையாவது வர ஏறக்குறைய 30 விழுக்காடு வாய்ப்பு உண்டு. இதை நம் வீடுகளில் தமிழில் விளக்கிச் சொல்ல ஆள் வேண்டும். இந்தப் படிப்பை நம் பிள்ளைகள் எடுக்க வேண்டும் என்று நான் விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

தங்கள் நாளிதழில் வானிலைக் கட்டம் வருகிறது. அதில் ஆயர் ஈத்தாம், தெலுக் பஹாங், மெங்குவாங் அணைகளின் நீரிருப்பையும் வாரம் ஒரு முறை வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். வடக்கு மாநிலங்களில் மழை குறையும் ஜனவரி முதல் மார்ச் வரையாவது வந்தால் நல்லது.

இப்படிக்கு,
நீரியல் பொறியாளர்,
பட்டர்வொர்த், பினாங்கு