கழற்றி வைத்த வெள்ளிப் பதக்கம்

அன்புள்ள மகளே,

தேசியப் போட்டி முடிந்து நீ திரும்பிய அன்று, சென்ட்ரல் வாசலில் உன் ஸ்கேட்டிங் பையை ஆட்டோவில் ஏற்றும்போது, பக்கவாட்டு ஜிப்புக்குள் சக்கரம் கழற்றும் ஸ்பேனரோடு உன் வெள்ளிப் பதக்கம் கிடந்ததைப் பார்த்தேன். மேடையை விட்டு இறங்குவதற்குள்ளேயே நீ அதைக் கழற்றிவிட்டதையும், அதற்காக ஆளாளுக்கு உன்னைத் திட்டியதையும் உன் அம்மா சொன்னாள். உன்னைப் போன்ற பிள்ளைகளின் வீட்டாரும் படிக்கட்டும் என்றுதான், உன் பெயரை விட்டுவிட்டு, இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

உனக்கு முன்பே உலக மேடையில் அப்படிப் பதக்கத்தைக் கழற்றியவர் சூர்யா போனாலி. பெயரைக் கேட்டால் நம் பக்கத்துத் தெருப் பெண் என்று தோன்றும். 1973-இல் பிரான்சின் நீஸ் நகரில் பிறந்தவர். பனித்தளத்தில் சுழன்றும் தாவியும் ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் 1989 முதல் 1997 வரை தொடர்ந்து ஒன்பது முறை பிரான்சின் தேசிய சாம்பியன். ஐந்து முறை ஐரோப்பிய சாம்பியன். ஆனால் உலகப் போட்டியில் 1993, 1994, 1995 என மூன்று ஆண்டுகளும் வெள்ளிதான்.

1994-இல் ஜப்பானின் சீபா நகரில், நடுவர்கள் ஒன்பது பேரில் ஐவர் ஜப்பானின் யூகா சாட்டோவையும் நால்வர் போனாலியையும் முதலிடத்தில் வைத்தார்கள். பரிசளிப்பின்போது மேடையில் ஏறாமல் அதன் அருகிலேயே நின்ற போனாலி, வற்புறுத்தி ஏற்றிய பிறகு, கழுத்தில் போட்ட பதக்கத்தைக் கழற்றினார். அரங்கம் கூச்சலிட்டது. அப்போது அவருக்கு வயது இருபது.

இருவரின் ஆட்டத்தையும் பதிவில் பலமுறை பார்த்திருக்கிறேன். நீ கோபித்துக்கொண்டாலும் சொல்கிறேன், நான் நடுவராக இருந்திருந்தால் சாட்டோவுக்கே அளித்திருப்பேன். காலணிக்கு அடியிலுள்ள தகட்டின் விளிம்பில் சாய்ந்தபடியே ஒரு வளைவிலிருந்து அடுத்த வளைவுக்கு அவர் வழுக்கிச் செல்லும் அழகு போனாலியிடம் இல்லை. போனாலி ஒரு தாவலிலிருந்து அடுத்த தாவலுக்கு விரைகிறார். ஆனால் அந்தத் தாவல்களின் வலிமை வேறு யாரிடமும் இல்லை. 1992 ஒலிம்பிக்கிலேயே நான்கு சுற்றுத் தாவலை முயன்றவர் அவர். அன்றைய முறையில் 6.0-ஐ உச்சமாக வைத்து நுட்பத்துக்கு ஒன்று, அழகுக்கு ஒன்று என இரண்டே மதிப்பெண்கள். தாவலுக்குத் தாவல் மதிப்பிடும் இன்றைய முறை 2004-இல்தான் வந்தது. எங்கே இழந்தோம் என்று படித்துப் பார்க்க ஒரு தாள்கூட இல்லாமல், ஒரே ஒரு நடுவரின் எண்ணத்தால் தோற்பது எத்தனை கொடுமை என்பதை, உன்னைப் பார்த்த பிறகுதான் முழுதாக உணர்ந்தேன்.

பனித்தளத்துக்கு வழியில்லாத நம் சென்னையில் சக்கரங்களின் மேல்தான் நீ ஆக்சல், சால்கோ என்ற தாவல்களைப் பழகினாய். காலை எட்டு மணிக்குள் தரை கொதிக்கத் தொடங்கிவிடும். சென்ற ஆண்டு ஒவ்வொரு முறை இறங்கும்போதும் உன் சக்கரம் சிமென்ட்டில் தேய்ந்து கரகரக்கும். இந்த ஆண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்தச் சத்தம் கேட்கவேயில்லை. அது எந்த மேடையிலும் அறிவிக்கப்படாது. ஆனால் அந்த அமைதியை நான் கேட்டேன்.

1996-இல் குதிகால் தசைநாண் அறுந்த பிறகும் போனாலி மீண்டு வந்தார். 1998 நகானோ ஒலிம்பிக்கில், பதக்கம் கைநழுவிவிட்டது தெரிந்த நிலையில், தடை செய்யப்பட்டிருந்த பின்புறக் குட்டிக்கரணத்தை அடித்து, ஒற்றைக் காலில் இறங்கினார். மதிப்பெண் போகும் என்பது தெரிந்தேதான் செய்தார். ஆட்டத்தை நடுவர்களுக்கு முதுகைக் காட்டி முடித்தார். கிடைத்தது பத்தாம் இடம். அந்தத் தடை 2024-இல் நீக்கப்பட்டது. இருபத்தாறு ஆண்டுகள் கழித்து.

பதக்கத்தை நான் தொடவில்லை. அந்த ஜிப்புக்குள்ளேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு வழக்கம்போல் ஸ்கூட்டரோடு வாசலில் நிற்பேன். வர மனமில்லை என்றால் முந்தின இரவே ஒரு மிஸ்டு கால் கொடுத்துவிடு.

அன்புடன்,
பெரியம்மா