டிரம்ஸ் வைக்க ஓர் இடம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நகரத்து இசையைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், சென்னையில் ராக் குழுக்கள் இரண்டு மூன்று வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடிப்பதில்லை, பையன்களுக்குப் பொறுமை கிடையாது என்று ஒரு வரி இருந்தது. 2008இலிருந்து ஒரே குழுவில் பேஸ் கிட்டார் வாசித்துவருகிறேன். அந்த வரி என்னைத் தூங்கவிடவில்லை.

பெரம்பூரில் நாலு பேராகத் தொடங்கினோம். அந்த நாலு பேரில் இன்று நான் மட்டும்தான் இருக்கிறேன். இதுவரை நாலு டிரம்மர்கள், மூன்று பாடகர்கள், ஐந்து கிட்டார்காரர்கள் மாறிவிட்டார்கள். ஒரே ஒருவரைத் தவிர யாரும் சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. ஒரு பாடகருக்கு ராத்திரி ஷிப்ட் வேலை வந்தது. நன்றாக வாசித்த கிட்டார்காரர் மெல்லிசைக் குழுவுக்குப் போனார். கல்யாண ரிசப்ஷனில் அன்றைக்கே கையில் பணம் கிடைக்கும், அவருக்குத் தங்கை கல்யாணம் இருந்தது. அவரை நான் எப்படிக் குறை சொல்வேன்?

டிரம்மர்கள் விஷயம் வேறு. கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு மின்சார ரயிலில் போய்விடலாம். டிரம்ஸுக்கு ஒரு அறை வேண்டும், அதன் சத்தத்தைப் பொறுத்துக்கொள்கிற அக்கம்பக்கமும் வேண்டும். முதல் டிரம்மர் வீட்டு மொட்டைமாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட அறை ஒன்று இருந்தது. சுவரெல்லாம் பழைய மெத்தைகளைச் சாத்திவைத்து இரண்டு வருஷம் வாசித்தோம். மே மாதத்தில் அரைமணிக்கு ஒருமுறை வெளியே வந்து தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்வோம். 2010இல் அவர் மேல்படிப்புக்கு அமெரிக்கா போனார். செட்டை எங்களிடமே விட்டுவிட்டுப் போனார். அது அப்புறம் ஐந்து வீடு மாறிவிட்டது. மூன்றாவது டிரம்மர் வீட்டுக்காரர், டிரம்ஸா வீடா என்று ஒருநாள் கேட்டுவிட்டார். அந்தத் தம்பிக்கு வயதான அம்மா இருந்தார்கள். அவன் வீட்டைத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

குழுக்கள் வாசித்துப் பழகுவதற்கென்றே வாடகைக்கு விடும் ஜாம் ரூம்கள் உண்டு, மணிக்கு 500 ரூபாய். ஒரு புதிய ஆள் எங்கள் பாட்டுகளைப் பழக இருபது மணிநேரமாவது ஆகும். குழுவில் ஓர் ஆள் மாறினால் எவ்வளவு செலவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இதற்கு ஈடாக மேடையில் என்ன கிடைக்கும்? ஓர் உணவகத்தில் நாலு மாதம் வெள்ளிக்கிழமைதோறும் வாசித்தோம். சாப்பாடு போட்டார்கள், பணம் கடைசிவரை வரவில்லை. இன்னொரு நிகழ்ச்சியில் எங்களுக்கு முன் வாசித்த குழுக்கள் இழுத்துக்கொண்டே போயின. பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தியாக வேண்டும், அது சட்டம். எட்டுப் பாட்டு தயார் செய்துகொண்டு போனவர்கள் இரண்டு வாசித்தோம்.

அடையாறில் அன்வைண்ட் சென்டர் என்ற இசைக்கூடம் இருந்த காலத்தில் இப்படி இல்லை. புதுக் குழுவா, பழைய குழுவா என்று பார்க்காமல் மேடை ஏற்றுவார்கள். அவர்கள் நடத்திய ஜூன் ராக் அவுட் இசைவிழாவுக்காக வருஷம் முழுக்கப் பழகுவோம். அது போனபின் அந்த மாதிரி ஒரு வீடு எங்களுக்குக் கிடைக்கவில்லை.

அப்படியும் ஏன் விடவில்லை என்று என் மனைவியே கேட்டிருக்கிறாள். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு முதல் முறை மேடை ஏறியபோது கூட்டத்தில் நின்றேன். எங்கள் பக்கத்துத் தெருக்களில் சாவு வீட்டில் கேட்டு வளர்ந்த கானா, டிரம்ஸோடும் கிட்டாரோடும் சேர்ந்து வந்தது. திரும்பி வரும்போது எங்கள் பாடகர் வாயே திறக்கவில்லை. ஓட்டேரி பாலம் தாண்டியதும், "அண்ணே, நாம ஏன் இன்னும் இங்கிலீஷ்லயே பாடிட்டு இருக்கோம்?" என்றார். அந்த வாரமே முதல் தமிழ்ப் பாட்டை எழுதினோம். பத்து வருஷம் அடுத்தவர் பாட்டை வாசித்தபோது கிடைக்காத கைதட்டல் அதற்குக் கிடைத்தது.

ஏ.ஆர். ரஹ்மான் இந்த ஊரில் ரூட்ஸ் குழுவில் கீபோர்டு வாசித்தவர், நெமிசிஸ் அவென்யூ என்ற ராக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். 2017இல் யுனெஸ்கோ சென்னையை இசைக்கான படைப்பாக்க நகரங்களில் சேர்த்தது. மார்கழியில் சபாக்கள் நிரம்புவதைப் பார்த்து நானும் பெருமைப்படுகிறேன். அந்தப் பெயரில் எங்களுக்கும் பங்கு உண்டு என்றுதான் சொல்ல வருகிறேன்.

மாநகராட்சி பல மண்டலங்களாகப் பிரிந்திருக்கிறது. எங்கள் பகுதிச் சமுதாய நலக்கூடம் முகூர்த்தம் இல்லாத நாட்களில் பூட்டியே கிடக்கிறது. மண்டலத்துக்கு ஒரு கூடத்தில், வார நாட்களில் சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பதுவரை, குறைந்த வாடகைக்கு ஓர் அறை தந்தால் போதும். மெத்தைகளை நாங்களே கொண்டுவந்து சாத்திக்கொள்வோம். உங்கள் இதழ் இதை மாநகராட்சியின் காதில் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்போதைய டிரம்மர் வியாசர்பாடியிலிருந்து வரும் கல்லூரி மாணவி. இதுவரை வந்தவர்களிலேயே அவள் கைதான் சுத்தம். வீட்டில் தலையணைகளை அடுக்கிவைத்து அதன்மேல் வாசித்துப் பழகுகிறாள். செட் என் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

இப்படிக்கு,
பேஸ் கிட்டார் வாசிக்கும் ஒரு வாசகர்,
பெரம்பூர், சென்னை - 11